ஒரு மசோதா, நான்கு அதிபர்கள்: மெடிகேர் சட்டத்தை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க அதிபர்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் அந்நாட்டு வரலாற்றாசிரியர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1948-ல் சக அறிஞர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டார். 1962-ல் மறுபடி 75 பேரிடம் கேட்டார். முந்தைய வருடம்தான் பதவியை விட்டு இறங்கியிருந்த ஐசன்ஹோவருக்கு அதில் சராசரிக்காரர்களின் அடிவரிசைதான் கிடைத்தது. 2021-ல் சி-ஸ்பான் தொலைக்காட்சி வெளியிட்ட பட்டியலில் அதே ஐசன்ஹோவர் 5-வது இடத்தில் இருக்கிறார். ட்ரூமன் 6, கென்னடி 8, ஜான்சன் 11.

இந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ட்ரூமனுக்கு உலகப் போரின் முடிவும் கொரியாவும் வந்தன. கென்னடிக்குக் கியூபா வந்தது. ஜான்சனை வியட்நாம் விழுங்கியது. ஆளுக்கொரு வினாத்தாளைக் கொடுத்துவிட்டு மதிப்பெண்களை மட்டும் ஒரே தாளில் எழுதினால் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? நான்கு பேரின் மேஜைக்கும் வந்த ஒரே கேள்வி ஒன்று வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது: வயதான ஒருவர் நோயில் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டுவது?

1945 நவம்பரில் ட்ரூமன் கிளப்பிய பெரிய கேள்வி ஒன்றின் துண்டு இது. 1965 ஜூலையில் ஜான்சன் கையெழுத்துப் போட்டபோது அதற்கு 'மெடிகேர்' என்று பெயர். அமெரிக்காவில் மகன், மகள் வீட்டில் குடியேறிய பெற்றோர் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சொல் நன்றாகப் பழக்கம். 65 வயது ஆனவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அது சட்டமாக இருபது வருடம் பிடித்தது. அந்த இருபது வருடத்தில் நான்கு அதிபர்களும் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று பார்த்தால், 'திறமையான அதிபர்' என்ற சொல்லுக்கு ஓரளவு தெளிவான பொருள் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

ட்ரூமன்: கேட்டவர்

ஹாரி ட்ரூமன் பதவிக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. 1945 நவம்பர் 19 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஒரு தனிச் செய்தி அனுப்பினார். போருக்கு ஆள் எடுத்தபோது 18 முதல் 37 வயது வரையான ஆண்களில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் உடல் தகுதி இல்லை என்று கழிக்கப்பட்டதை அதில் எடுத்துச் சொன்னார். ஒரு நாட்டின் இளைஞர்களில் இத்தனை பேர் நோயாளிகள் என்றால் அது தனிமனிதர் பிரச்சினை இல்லை என்பது அவர் வாதம். எல்லா வயதினருக்கும் தேசிய மருத்துவக் காப்பீடு வேண்டும், சம்பளத்தில் ஒரு சிறு பங்கைப் பிடித்து அதற்கான பணத்தைத் திரட்டலாம் என்றார்.

அடுத்த வருடமே, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலில், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி செனட், பிரதிநிதிகள் சபை இரண்டையும் பிடித்தது. 1948-ல் யாரும் எதிர்பாராத வகையில் ட்ரூமன் ஜெயித்தார், சபைகளும் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பின. சரி, இனி மசோதா ஓடிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஓடவில்லை. தெற்கு மாநிலங்களின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பெயருக்குத்தான் அவர் கட்சி. மத்திய அரசின் பணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால், வெள்ளையருக்கு ஒரு வார்டு கறுப்பினத்தவருக்கு ஒரு வார்டு என்று நடந்துவந்த ஏற்பாட்டை மத்திய அரசு கேள்வி கேட்கும் என்ற பயம் அவர்களுக்கு. அவர்கள் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தால் எந்தப் பெரிய மசோதாவையும் மடக்கிவிடலாம்.

வெளியே அமெரிக்க மருத்துவச் சங்கம் காத்திருந்தது. ஒவ்வொரு உறுப்பினரிடமும் 25 டாலர் வசூலித்து, கலிபோர்னியாவைச் சேர்ந்த விட்டேக்கர், பாக்ஸ்டர் என்ற பிரச்சாரத் தம்பதியை அமர்த்தியது. 1949-ல் மட்டும் சுமார் 15 லட்சம் டாலர் செலவழித்தார்கள். நோயுற்ற குழந்தையின் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் மருத்துவரைக் காட்டும் பழைய ஓவியம் ஒன்றை அச்சடித்து, 'இந்தப் படத்துக்குள் அரசியலை விடாதீர்கள்' என்ற வாசகத்தோடு மருத்துவமனைகளிலும் டாக்டர்களின் அறைகளிலும் மாட்டினார்கள். சோவியத் பயம் உச்சத்தில் இருந்த காலம் அது. 'சோஷலிச மருத்துவம்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மசோதா செத்தது. ட்ரூமனின் செல்வாக்கும் சரிந்து, 1952 பிப்ரவரியில் காலப் கருத்துக்கணிப்பில் 22 சதவீதத்துக்கு வந்தது. இதோடு நிறுத்தினால் அவருக்குப் பூஜ்யம்தான்.

ஆனால் தோல்விக்குப் பிறகு அவருடைய அதிகாரிகள் செய்த ஒரு வேலையைப் பார்க்க வேண்டும். வில்பர் கோஹன், ஐ. எஸ். பால்க் என்ற இரண்டு சமூகப் பாதுகாப்புத் துறை நிபுணர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். எல்லாருக்கும் என்றால் யாரும் தரமாட்டார்கள். ஏற்கெனவே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்கு மட்டும், அதுவும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் கேட்டால்? வருடத்துக்கு 60 நாள் ஆஸ்பத்திரிக் காப்பீடு என்ற இந்தச் சுருங்கிய திட்டத்தை ட்ரூமன் ஆட்சியின் ஆஸ்கர் யூயிங் 1951-ல் வெளியிட்டார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பதினான்கு வருடம் கழித்துச் சட்டமானது இந்த வடிவத்தின் பிள்ளைதான். வில்பர் கோஹன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வருவார்.

இன்னொரு சட்டத்தையும் இங்கே குறித்துவைக்கிறேன். 1946-ல் ட்ரூமன் கையெழுத்திட்ட ஹில்-பர்ட்டன் சட்டம். நாடெங்கும் ஆஸ்பத்திரி கட்ட மத்திய அரசு பணம் தந்தது. வசதிகள் சமமாக இருந்தால் இனவாரியாகத் தனித்தனியே ஆஸ்பத்திரி நடத்தலாம் என்ற அனுமதி அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இதைப் பற்றிக் கடைசியில் பேச வேண்டும்.

ஐசன்ஹோவர்: வேறு வழி போனவர்

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ட்ரூமனிலிருந்து கென்னடிக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் உள்ள எட்டு வருடம் வெற்றிடம் போலத் தெரிகிறது. நான்கு பேரில் நிதானமாகப் பார்க்க வேண்டியவர் இவர்தான் என்று எனக்குப் படுகிறது.

முதலில், டுவைட் ஐசன்ஹோவர் இந்தச் சட்டத்தை விரும்பவே இல்லை. கட்டாய அரசுக் காப்பீட்டுக்கு எதிரானவர். அவரை மெடிகேர் கொண்டுவராததற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. அவர் என்ன நினைத்தாரோ அது நடந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

தனியார் காப்பீடு பெருக வேண்டும் என்று அவர் நினைத்தார். நோயாளிகளுக்குத் துணிந்து காப்பீடு தரும் நிறுவனங்களுக்கு நஷ்டம் வந்தால் அரசு ஒரு பங்கை ஏற்கும் என்ற மறுகாப்பீட்டுத் திட்டத்தை 1954-ல் கொண்டுவந்தார். அப்போது பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. இருந்தும் 238-க்கு 134 என்ற கணக்கில் அது தோற்றது. மருத்துவச் சங்கத்துக்கு அதுவும் பிடிக்கவில்லை, காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பெரிய ஆர்வமில்லை, தாராளவாதிகளுக்கு அது போதவில்லை. சட்டமன்றக் கணக்கில் இது அவருக்குச் சுத்தத் தோல்வி.

அதே வருடம் ஆகஸ்டில் கையெழுத்தான புதிய வரிச் சட்டத்தில், முதலாளி தன் தொழிலாளிக்குக் கட்டும் மருத்துவக் காப்பீட்டுத் தொகைக்கு வரி கிடையாது என்று தெளிவாக எழுதப்பட்டது. யாரும் கொடி பிடித்துக் கொண்டாடாத பிரிவு அது. ஆனால் அதன் விளைவு பெரியது. நூறு டாலரைச் சம்பளமாகக் கொடுத்தால் வரி போகும், காப்பீடாகக் கொடுத்தால் போகாது. கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் காப்பீட்டுப் பக்கம் சாய்ந்தன. 1940-ல் அமெரிக்கர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் ஆஸ்பத்திரிக் காப்பீடு இருந்தது. 1960 வாக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஓட்டம்தான், அதற்கு இந்த வரிச்சலுகை நிரந்தரமான தண்டவாளம் போட்டது.

இங்கேதான் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை போனால் காப்பீடு போகும். 65 வயதில் ஓய்வு பெற்றவருக்கு, நோய் அதிகமாக வரும் அந்த வயதில், அது கையில் இருக்காது. தனியாக வாங்கப் போனால் வயதைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அல்லது கட்ட முடியாத தொகை கேட்பார்கள். உழைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழி பிறந்துவிட்டதால், வழியில்லாமல் நின்ற முதியவர்கள் எல்லார் கண்ணிலும் பட்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த ஆஸ்பத்திரிக் காப்பீடும் இல்லை. ட்ரூமனின் அதிகாரிகள் தந்திரமாகச் சுருக்கிய 'முதியவர்களுக்கு மட்டும்' என்ற வரம்பு, ஐசன்ஹோவர் காலத்தின் முடிவில் நாட்டின் நிஜமான ஓட்டையோடு அப்படியே பொருந்தியது.

இன்னும் உண்டு. 1953-ல் சுகாதாரம், கல்வி, நலவாழ்வு மூன்றையும் ஒரே அமைச்சரவைத் துறையாக்கியவர் அவர். மெடிகேரைப் பின்னால் நடத்திக்காட்டியது இந்தத் துறைதான். சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை ஒழிக்க நினைக்கும் கட்சி அரசியலில் இல்லாமலே போய்விடும் என்று 1954-ல் தன் அண்ணன் எட்கருக்குக் கடிதம் எழுதினார். அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தார்: திட்டத்தைத் தொடவில்லை, விரிவாக்கினார். 1956-ல் உடல் ஊனத்தால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு உதவித்தொகை தரும் திருத்தம் செனட்டில் 47-க்கு 45 என்று மயிரிழையில் தேறியது. அவருடைய ஆட்சியே அதை எதிர்த்தது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். மருத்துவச் சங்கம் எதிர்த்து நின்றும் தோற்க முடியும் என்று முதல்முறையாக வாஷிங்டனுக்குத் தெரிந்த நாள் அது. அந்த இரண்டு வாக்கு வித்தியாசத்தைத் தேடிப்பிடித்த செனட் பெரும்பான்மைத் தலைவரின் பெயர் லிண்டன் ஜான்சன்.

கடைசி வருடத்தில், 1960 செப்டம்பரில், கெர்-மில்ஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழை முதியவர்களின் மருத்துவத்துக்கு மாநிலங்கள் செலவழித்தால் மத்திய அரசு பங்கு தரும். பணக்கார மாநிலங்கள் எடுத்துக்கொண்டன, ஏழை மாநிலங்களால் தன் பங்கைப் போட முடியவில்லை. பணத்தின் பெரும்பகுதி நியூயார்க், கலிபோர்னியா போன்ற ஐந்து மாநிலங்களுக்கே போய்ச் சேர்ந்தது. உதவி கேட்டு வருகிறவர் தான் ஏழை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க உழைத்துக் கௌரவமாக இருந்த மனிதரை எழுபது வயதில் அப்படி நிறுத்துவது எவ்வளவு கொடுமை என்பதை ஐசன்ஹோவரைப் போன்ற நல்ல மனிதர் யோசிக்காமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

கென்னடி: மேடையில் வென்று எண்ணிக்கையில் தோற்றவர்

ஜான் கென்னடி இந்தச் சட்டத்தைத் தேர்தல் வாக்குறுதியாகவே வைத்தார். ஆனால் 1960-ல் அவர் ஜெயித்தது நாடு முழுக்கச் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சி சுமார் இருபது இடங்களை இழந்திருந்தது. மசோதாக்கள் சபைக்கு வருவதைத் தீர்மானிக்கும் விதிகள் குழுவைக் கொஞ்சம் பெரிதாக்கவே 217-க்கு 212 என்று திணற வேண்டியிருந்தது.

அப்புறம் வில்பர் மில்ஸ். ஆர்கன்சாவைச் சேர்ந்தவர், வரி மசோதாக்களைக் கையாளும் வேஸ் அண்ட் மீன்ஸ் குழுவின் தலைவர். மெடிகேருக்கான பணம் சம்பள வரியிலிருந்து வருவதால் மசோதா இவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். தோற்கும் மசோதாவைச் சபைக்கு எடுத்துப் போகமாட்டார் என்று பெயர் வாங்கியவர். சமூகப் பாதுகாப்பு நிதியின் கணக்கை இவர் அளவுக்குத் தெரிந்தவர் காங்கிரசில் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் தெரியாத நிலையில் ஓய்வூதிய நிதியை இதோடு கட்டிப்போட்டால் இரண்டும் சேர்ந்து மூழ்கும் என்பது அவர் கவலை. பின்னால் நடந்ததைப் பார்த்தால் அந்தக் கவலையில் நியாயம் இருந்தது.

மில்ஸை அசைக்க முடியாத கென்னடி மக்களிடம் போனார். 1962 மே 20. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் நிரம்பி வழிந்தது, பெரும்பாலும் முதியவர்கள். தொலைக்காட்சி நிறுவனங்கள் நேரடியாக ஒளிபரப்பின. கென்னடி எழுதி வைத்திருந்த உரையை ஓரமாக வைத்துவிட்டு, கூட்டத்தின் உற்சாகத்தில் மனம்போல் பேசினார். அரங்கில் கைதட்டல். ஆனால் வீட்டில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்க வந்தது விளக்கம். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கட்சிக் கூட்டம்.

கூட்டம் கலைந்த பிறகு அதே அரங்குக்கு மருத்துவச் சங்கம் தன் கேமராவைக் கொண்டுவந்தது. காலி நாற்காலிகள், தரையெல்லாம் குப்பைக் காகிதம். அதன் நடுவே நின்று எட்வர்ட் அன்னிஸ் என்ற மயாமி மருத்துவர், கூட்டமும் கோஷமும் இல்லாமல் நேருக்கு நேராகப் பேசுகிறேன் என்று நிதானமாகத் தன் வாதத்தை வைத்தார். மறுநாள் இரவு அது ஒளிபரப்பானது. கென்னடி அளவுக்குத் தொலைக்காட்சியைப் புரிந்துகொண்ட அதிபர் அதுவரை கிடையாது என்பார்கள். அவருடைய ஆயுதத்தாலேயே அவரை வெட்டிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 17 அன்று, செனட்டில் மசோதாவை ஓரங்கட்டும் தீர்மானம் 52-க்கு 48 என்று நிறைவேறியது. மசோதாவுக்கு எதிராக வாக்களித்தவர்களில் 21 பேர் கென்னடியின் சொந்தக் கட்சிக்காரர்கள். எதிரணியை உள்ளே இருந்து திரட்டியவர் ஓக்லஹோமாவின் ராபர்ட் கெர், அவரும் ஜனநாயகக் கட்சிதான். துணை அதிபராக அந்தச் சபைக்குத் தலைமை தாங்கிய ஜான்சனிடம் செனட் வேலையைக் கென்னடியின் ஆட்கள் முழுதாக ஒப்படைக்கவே இல்லை. கையில் இருந்த மிகச் சிறந்த கருவியை அலமாரியில் பூட்டி வைத்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

கென்னடி அதோடு விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1963 அக்டோபரில் ஆர்கன்சாவில் மில்ஸின் ஊர்ப்பக்கம் கட்டிய கிரீர்ஸ் பெர்ரி அணையைத் திறந்து வைக்க நேரில் போனார். ஐசன்ஹோவர் காலத்தில் வெளியேறியிருந்த கோஹனைத் திரும்பக் கூட்டிவந்து உதவிச் செயலாளராக்கி, மில்ஸோடு நிதிக் கணக்கைத் தொடர்ந்து பேச வைத்திருந்தார். நவம்பரில் மில்ஸின் குழு மறுபடி விசாரணை தொடங்கியது. அது நடந்துகொண்டிருந்தபோதுதான் நவம்பர் 22 அன்று டல்லஸில் கென்னடி சுடப்பட்ட செய்தி வந்து, கூட்டத்தைக் கலைத்தார்கள்.

ஜான்சன்: எண்ணத் தெரிந்தவர்

கென்னடிக்குப் பிறகு அதிபரான ஜான்சன் 1964-ல் இந்த மசோதாவில் முதலில் தோற்றார் என்பது பலருக்கு நினைவில்லை. செப்டம்பர் 2 அன்று செனட் 49-க்கு 44 என்று மெடிகேரை நிறைவேற்றியது. வரலாற்றில் முதல்முறையாக ஒரு சபை அதை ஏற்றுக்கொண்டது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை உயர்த்தும் மசோதாவோடு அதை ஒட்டியிருந்தார்கள். இரு சபைகளின் கூட்டுக்குழுவில் மில்ஸ் இசையவில்லை. ஓய்வூதிய உயர்வை மட்டுமாவது வாங்கிக்கொள்ளலாம் என்றால், அந்த உயர்வுக்காகச் சம்பள வரியை ஏற்றிய பிறகு மெடிகேருக்கு வரி போட இடமிருக்காது. அதனால் இரண்டையும் சாகவிட்டார்கள். தேர்தலுக்கு ஒரு மாதமே இருக்கும்போது கைக்கு வந்த ஓய்வூதிய உயர்வை வேண்டாமென்று விடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

நவம்பரில் ஜான்சன் 61 சதவீத வாக்கோடு வந்தார். பிரதிநிதிகள் சபையில் 295-க்கு 140. செனட்டில் 68-க்கு 32. மில்ஸின் குழுவிலேயே கட்சி விகிதம் 15-10 என்றிருந்தது 17-8 ஆனது. தெற்கத்திக்காரர்கள் இல்லாமலே ஜெயிக்கலாம் என்ற நிலை ரூஸ்வெல்ட் காலத்துக்குப் பிறகு இப்போதுதான் வந்தது. இதைச் சாதனை என்பதா அதிர்ஷ்டம் என்பதா? பாதி அதிர்ஷ்டம். எதிர்த்து நின்ற கோல்ட்வாட்டர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றிப் பேசியே முதியவர்களைப் பயமுறுத்திவிட்டார். கென்னடியின் மரணம் நாட்டின் மனதை இளக்கியிருந்தது.

ஆனால் அந்த எண்ணிக்கை உருகும் என்று ஜான்சனுக்குத் தெரிந்திருந்தது. பதவியேற்ற கையோடு அதிகாரிகளைக் கூப்பிட்டு, என் பெரும்பான்மை மாதாமாதம் கரையும், அதற்குள் முடியுங்கள் என்று விரட்டினார். மெடிகேர் மசோதாவுக்கு இரு சபைகளிலும் எண் 1 கொடுக்கப்பட்டது.

மார்ச் 2-ம் தேதி மூடிய கதவுக்குள் மில்ஸ் ஒரு வித்தை செய்தார். மேஜையில் மூன்று திட்டங்கள். ஆட்சியின் ஆஸ்பத்திரிக் காப்பீடு. குடியரசுக் கட்சியின் ஜான் பர்ன்ஸ் கொண்டுவந்த, விருப்பப்பட்டவர் பணம் கட்டிச் சேரும் டாக்டர் கட்டணக் காப்பீடு. ஏழைகளுக்கான கெர்-மில்ஸ் திட்டத்தை விரிவாக்கும் யோசனை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார் என்று எல்லாரும் காத்திருக்க, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன என்று கோஹனைக் கேட்டார். எதிர்க்கட்சியின் மாற்றுத் திட்டம் மசோதாவின் பாதியாக மாறிவிட்டால் எதிர்க்கட்சி எதைச் சொல்லி எதிர்க்கும்? ட்ரூமன் காலத்திலிருந்து ஒவ்வொரு துண்டாகக் குறைத்துக்கொண்டே வந்த கோஹனுக்குக் கேட்டதைவிடப் பெரிதாகக் கிடைத்தது.

இது மில்ஸின் மூளை. இங்கே ஜான்சனின் திறமை வழியை விட்டு விலகி நின்றதில் இருக்கிறது. மசோதாவின் பெருமை முழுக்க மில்ஸுக்குப் போகட்டும் என்று விட்டார். மார்ச் 23 அன்று மில்ஸோடும் கோஹனோடும் அவர் பேசிய தொலைபேசிப் பேச்சு நாடாவில் பதிவாகியிருக்கிறது. கூடுதலாகச் சுமார் 40 கோடி டாலர் ஆகும் என்கிறார்கள். சுகாதாரத்துக்கு என்றால் 40 கோடியால் நண்பர்களுக்குள் பிரிவு வராது என்கிறார் இவர். பிறகு வருகிறது அவருடைய டெக்சாஸ் பேச்சு: செத்த பூனையைத் திண்ணையில் போட்டு வைக்காதீர்கள், நாள் போகப் போக நாறும், குழுவிலிருந்து வெளியே வந்ததும் எதிரிகள் கடிதம் எழுதத் தொடங்கும் முன்னே சபையில் வாக்கெடுப்பு நடத்துங்கள். சட்டம் இயற்றும் கலையைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், இந்தப் பூனையை என்னால் மறக்க முடியவில்லை.

மூன்று நாள் கழித்து நடந்தது இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டிய காட்சி. செனட் நிதிக் குழுவின் தலைவர் வர்ஜீனியாவின் ஹாரி பர்ட். மெடிகேருக்கு எதிரி, வயதானவர், மசோதாவை மாதக்கணக்கில் இழுத்தடிக்கக் கூடியவர். காங்கிரஸ் தலைவர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்ட ஜான்சன், பேச்சு முடிந்ததும் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் எல்லாரையும் உட்கார வைத்தார். ஒவ்வொருவராகப் பேசவைத்து பர்ட்டிடம் வந்தார். விசாரணைக்குத் தடையாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தெரிந்தவரை எதுவும் இல்லை என்றார் அவர். அப்படியானால் மசோதா வந்ததும் தாமதமில்லாமல் விசாரணை நடத்துவீர்கள்? பர்ட் மெல்லிய குரலில் 'ஆம்' என்றார். ஜான்சன் மேஜையைத் தட்டி, நல்லது என்று முடித்துவிட்டார். கென்னடி இருபதாயிரம் பேரைக் கூட்டியும் தொலைக்காட்சியில் வாங்க முடியாததை, ஜான்சன் ஒரே ஒரு மனிதரைக் கேமரா முன் உட்கார வைத்து வாங்கினார்.

ஏப்ரல் 8-ல் பிரதிநிதிகள் சபை 313-க்கு 115. ஜூலை 9-ல் செனட் 68-க்கு 21. கூட்டுக்குழு வடிவத்துக்கு ஜூலை 27, 28 தேதிகளில் இரு சபைகளும் ஒப்புதல் தந்தன. ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் ஊருக்கு ஜான்சன் விமானத்தில் போய், 81 வயது ட்ரூமனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையெழுத்திட்டார். இந்த நாளைப் பார்க்க இத்தனை காலம் வாழ்ந்திருந்ததில் மகிழ்ச்சி என்றார் ட்ரூமன்.

செனட் கடைசியாக வாக்களித்த அதே ஜூலை 28 அன்றுதான் வியட்நாமில் அமெரிக்கப் படையை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக ஜான்சன் அறிவித்தார். அதே மனிதர், அதே வாரம். காங்கிரஸ் உறுப்பினர்களின் மனதைக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு ஹனோயின் மனதைக் கணக்குப் போட முடியவில்லை. 1966 இடைக்காலத் தேர்தலில் பிரதிநிதிகள் சபையில் 47 இடங்கள் போயின. ஜான்சன் பயந்தபடி ஜன்னல் இரண்டே வருடத்தில் மூடியது.

என் கணக்கு

முதலிடம் ஜான்சனுக்குத்தான், தயக்கமில்லை. 295 இடங்கள் இருந்தால் யாரும் செய்திருப்பார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பெரும்பான்மை கையில் இருந்தும் ஐசன்ஹோவர் 1954-ல் தோற்றார், ட்ரூமன் 1949-ல் தோற்றார். ஆனால் அவசரத்துக்குக் கொடுத்த விலையையும் சேர்த்தே எழுத வேண்டும். டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் புறக்கணித்துவிடக் கூடாது என்பதற்காக, ஆஸ்பத்திரிக்கு ஆன செலவோடு 2 சதவீதம் கூடுதலாகவும், டாக்டருக்கு வழக்கமான கட்டணத்தையும் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். செலவு கூடினால் வரவும் கூடும் என்றால் எந்த ஆஸ்பத்திரி சிக்கனம் பார்க்கும்? செலவு வேகமாக ஏறியது, அமெரிக்கா இன்றுவரை அதோடு மல்லுக்கட்டுகிறது. மில்ஸின் பழைய பயம் பலித்தது.

இரண்டாவதாக ட்ரூமனை வைப்பேன். கேள்வியை எழுப்பினார், தோற்ற பிறகு சட்டத்தின் வடிவத்தை அவர் ஆட்கள் வரைந்து வைத்தார்கள். ஐசன்ஹோவரை அவருக்குப் பக்கத்திலேயே வைக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது: நினைத்ததில் பாதியைச் சாதித்தார், தனியார் காப்பீட்டை வேரூன்ற வைத்தார், தான் எதிர்த்த சட்டத்துக்கான துறையையும் தேவையையும் அறியாமலே உருவாக்கிவிட்டுப் போனார். கென்னடி கடைசி. மூன்று வருடம் முடியாத ஆளை இப்படி எடைபோடுவது கடினம்தான். ஆனாலும் 1962-ல் கையில் இருந்த வாய்ப்பை மேடைப் பேச்சில் தொலைத்தார், ஜான்சனைப் பயன்படுத்தவில்லை.

இந்த வரிசையில் எங்கேயும் வராத ஒன்று மிச்சமிருக்கிறது. மெடிகேர் 1966 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் முதியவர்கள் சேர்ந்திருந்தார்கள். காட்டுக்குள் தனியாக வாழ்ந்த முதியவர்களை வனத்துறை ஊழியர்கள் தேடிப்போய்ச் சொன்னார்கள். டாக்டர் கட்டணக் காப்பீட்டுக்கு மாதம் 3 டாலர். அந்தத் தேதிக்கு முந்தைய மாதங்களில் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு நிபந்தனை போயிருந்தது: மெடிகேர் பணம் வேண்டுமானால் 1964 குடிமை உரிமைகள் சட்டப்படி இனப் பிரிவினை இருக்கக் கூடாது. ட்ரூமன் கையெழுத்திட்ட ஹில்-பர்ட்டன் சட்டத்தில் இருந்த 'தனித்தனியே நடத்தலாம்' என்ற வரியை 1963-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வட கரோலினா வழக்கொன்றில் அடித்திருந்தது. ஆனால் தெற்கில் வார்டுகள் அப்படியேதான் இருந்தன. இப்போது வேறு அலுவலகங்களிலிருந்து இரவல் வாங்கிய ஊழியர்கள் ஆய்வாளர்களாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார்கள். காகிதத்தில் 'பிரிவினை இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் போதாது, எந்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கட்டில் கட்டிலாகப் பார்த்தார்கள். நான்கே மாதத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் வெள்ளையர் வார்டு, கறுப்பினத்தவர் வார்டு என்ற பலகைகள் இறங்கின. இருபது வருடம் முன்பு மத்திய அரசின் பணத்தில் இரண்டாகக் கட்டப்பட்ட கட்டடங்களில், ஜூலை முதல் தேதி காலையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் முதியவர்கள் படுத்திருந்தார்கள்.